சோத்துப் பார்சலுக்கு ஆகாத மீன்தோல், தொதலுக்கு ஆகும்

உண்ணக்கூடிய பை, கரையும் உறை என்று வட்ஸ்அப் குழுக்களில் வீடியோக்கள் சுற்றத் தொடங்கியதில் இருந்து என்னிடம் திரும்பத் திரும்ப வருகிற கேள்வி ஒன்றுதான்: மீன் தோலில் செய்யும் அந்தத் தாளில் சோத்துப் பார்சல் கட்டலாமா?

கட்ட முடியாது. சுடுசோறு மேலே விழுந்த உடனேயே அது இளகத் தொடங்கும். அதன்மேல் ஆணமும் ஊற்றினால் பார்சல் கைக்கு வருவதற்கு முன்பே தாள் சோற்றோடு கலந்துவிடும். சாப்பிடலாம்தான், ஆனால் சோற்றைத் தாங்குகிற வேலையை அது செய்யாது. லஞ்ச் சீட்டுக்குப் பதில் இது என்று யாராவது சொன்னால் நம்பாதீங்க.

ஆனால் "முடியாது" என்ற அந்த ஒரு சொல்லோடு நம்ம ஆட்கள் இந்த விஷயத்தையே மூடி வைத்துவிடுகிறார்கள். எனக்கு அதுதான் கவலை. கல்முனை, சாய்ந்தமருது, நிந்தவூர், ஒலுவில், அட்டாளைச்சேனை, அக்கரைப்பற்று என்று நீள்கிற இந்தக் கரையில் ஒவ்வொரு நாளும் வெட்டிக் கழிக்கிற மீன்தோலுக்குள் ஒரு தொழிலே இருக்கு. அந்தத் தொழிலின் முதல் சரக்கு தாள் இல்லை. தாள் பிறகு வரும். முதலில் தோலுக்குள் என்ன இருக்கு என்று பார்ப்போம்.

நோன்பு காலத்தில் கடற்பாசி காய்ச்சாத வீடு நம்ம பக்கம் குறைவு. பாசியை வெந்நீரில் கரைத்து, பாலும் சீனியும் சேர்த்து, தட்டில் ஊற்றி ஆறவிட்டால் கட்டியாகும். அதில் ஒரு மெல்லிய படையைத் தட்டிலேயே காயவிட்டால் தண்ணீர் முழுவதும் போய், ஒளி புகுகிற ஒரு தோல் மட்டும் அடியில் ஒட்டிக் கிடக்கும். மீன் ஜெலட்டினும் இப்படித்தான். சூட்டில் கரையும், குளிரில் உறையும், காய்ந்தால் தாளாகும். ஆனால் பொருள் வேறு. கடற்பாசி சர்க்கரை மூலக்கூறுகள் கோத்த தொடர். ஜெலட்டின் புரதம்.

மீனின் தோலிலும் முள்ளிலும் செதிளிலும் இருப்பது கொலாஜன் என்ற புரதம். மூன்று இழைகள் ஒன்றையொன்று சுற்றி முறுக்கிய கயிறு அது. வெந்நீரில் இந்த முறுக்கு அவிழ்ந்து இழைகள் தனித்தனியாகக் கரையும். அப்படிக் கரைந்ததுக்குத்தான் ஜெலட்டின் என்று பெயர். ஆறும்போது இழைகள் பழையபடி முறுக்கிக்கொள்ளப் பார்க்கும். முழுசாக முடியாது. அங்கங்கே பிடிபட்டு ஒரு வலையாக நிற்கும். வலைக்குள் இருக்கிற தண்ணீர் ஆவியாகிப் போனால் மிஞ்சுகிற வலைதான் தாள். ஆராய்ச்சிக்காரர்கள் இதைப் படலம் என்பார்கள்.

நம்ம கடலுக்கு இதில் ஒரு கொடுப்பினை இருக்கு. வடக்கத்திய குளிர்கடல் மீன்களின், உதாரணத்துக்குக் கொட் மீனின், ஜெலட்டின் இருபது பாகைக்கும் கீழேயே உருகிவிடும். நம்ம ஊர் நிழலில்கூட அது கட்டியாக நிற்காது. வெப்பக்கடல் மீன்களின் கொலாஜனில் புரோலின், ஹைட்ரொக்சிபுரோலின் என்ற அமினோ அமிலங்கள் கூடுதல். முறுக்கை இறுக்கிப் பிடிப்பது அவைதான். அதனால் சூரை மாதிரியான மீன்களின் தோலில் வரும் ஜெலட்டின் கெட்டியாக உறையும். உருகும் சூடும் மாட்டு ஜெலட்டினுக்குப் பக்கத்தில் வரும். வெதுவெதுப்பான தண்ணீரில் வாழ்கிற மீனுக்கு அந்தச் சூட்டிலும் குலையாத தோல் வேண்டும். படைத்தவன் அப்படிக் கொடுத்திருக்கிறான்.

சாய்ந்தமருதுப் பக்கம் மீன் வெட்டுகிற ஒரு காக்காவிடம் தோலைக் கேட்டுப் போனேன். சூரையைப் பலகையில் படுக்கவைத்து, செவுளுக்குப் பின்னால் கத்தியைச் சாய்த்து ஒரு கீறல், முதுகு நெடுக ஒரு கீறல். பிறகு கட்டைவிரலைத் தோலுக்கும் இறைச்சிக்கும் நடுவில் விட்டு வால்வரைக்கும் ஒரே இழுப்பு. சூரைக்குச் செதிள் தலைக்குப் பின்னால் தோள் பகுதியிலும் பக்கக் கோட்டிலும்தான். மற்ற இடமெல்லாம் வழுவழு. அதனால் தோல் சுத்தமாக உரிந்து வருது. உரித்ததைப் பார்க்காமலே பக்கத்து வாளிக்குள் எறிந்தார். குடல், செவுள், இரத்தம் எல்லாம் அதே வாளிக்குள்.

"தோலா? இத என்னத்துக்குத் தம்பி?"

சொன்னேன். நம்பின மாதிரித் தெரியல்ல.

"கொண்டு போங்க. கிடங்கு வெட்டித் தாக்குற வேல எனக்கு மிச்சம்."

அந்த வாளியைக் கொஞ்சம் கவனிக்க வேணும். தோல் குடலோடு சேர்ந்துவிட்டால் அதன் மதிப்பு அந்த நிமிஷமே போய்விடும். குடலில் இருக்கிற நொதிகள் புரதத்தைத் துண்டு துண்டாக வெட்டத் தொடங்கிவிடும். வெயிலில் கிடந்தால் பக்டீரியா மிச்சத்தைப் பார்த்துக்கொள்ளும். சூரை இனத்தில் இன்னொரு ஆபத்தும் இருக்கு. குளிரில் வைக்காத சூரையில் ஹிஸ்டமின் சேரும். சமைத்தாலும் அது போகாது. சாப்பிட்டவருக்கு முகம் சிவந்து உடம்பெல்லாம் தடித்துப்போவது அதனால்தான். ஆகவே இந்தத் தொழிலுக்கு முதல் இயந்திரம் தனி வாளியும் அதற்குள் ஐஸும். வேறு எதைப் பற்றிப் பேசுவதும் அதற்குப் பிறகுதான்.

வீட்டில் செய்து பார்க்க ஆசைப்படுகிறவர்களுக்குச் செய்முறையைச் சொல்கிறேன். தோலை இரண்டு விரல் அகலத் துண்டுகளாக வெட்டி, ஒட்டியிருக்கிற இறைச்சியையும் கொழுப்பையும் கத்தியின் முதுகால் சுரண்டி எடுக்கணும். இதில் சோம்பல் பட்டால் பிறகு வரும் தாள் மஞ்சளித்து, பழைய எண்ணெய் வாசம் அடிக்கும். பிறகு சுண்ணாம்புத் தெளிவில் ஓர் இரவு ஊற வைக்கணும். இரத்தமும் கொலாஜன் அல்லாத மற்றப் புரதங்களும் மீன் நாற்றத்தில் பெரும்பங்கும் அந்தத் தண்ணீரோடு போய்விடும். காலையில் தண்ணீர் மங்கல் சிவப்பாக நிற்கும். நன்றாக அலசி, தண்ணீர் கலந்த வினாகிரியில் போட்டால் தோல் ஊதத் தொடங்கும். மெல்லிசாகக் கிடந்த தோல் தடித்து, வெளிச்சம் ஊடுருவுகிற பதத்துக்கு வரும். கையில் எடுத்தால் வழுக்கும். முறுக்குகள் தளர்ந்ததற்கு அதுதான் அடையாளம்.

திரும்ப அலசி, ஐம்பது அறுபது பாகைச் சூட்டுத் தண்ணீரில் சில மணித்தியாலம் வைக்கணும். கொதிக்க விடக்கூடாது. கொதித்தால் இழைகள் அறுந்து குட்டையாகிவிடும், தாள் பொடிந்து போகும். ஒரு சின்ன வெப்பமானி இருந்தால் நல்லது. துணியில் வடிகட்டி எடுத்த தெளிவைக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்தால் உறையும். உறைந்தால் ஜெலட்டின் இறங்கியிருக்கு என்று அர்த்தம். ஈரத் தோலின் எடையில் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கு காய்ந்த ஜெலட்டினாக வரும். நல்ல தோலும் நல்ல கையும் சேர்ந்தால் அதற்கு மேலேயும் வரும்.

தாளுக்கு, 100 மில்லிலீட்டர் தண்ணீருக்கு 3, 4 கிராம் ஜெலட்டின். அதில் காற்பங்கு எடைக்கு உணவுத்தரக் கிளிசரின். கிளிசரின் இல்லாத தாளை வளைத்தால் சட்டென்று உடையும். இழைகளுக்கு நடுவில் புகுந்து ஒன்றையொன்று வழுக்கிப் போக விடுவது கிளிசரின்தான். கூடிப்போனால் பிசுபிசுப்பு. கலவையை மட்டமான தட்டில் மெல்லிசாக ஊற்றி, தூசு படாமல் காயவிட வேண்டும்.

இங்கே காலநிலை கைகொடுக்கும், கைவிடவும் செய்யும். கச்சான் காற்று அடிக்கிற மாதங்களில் தட்டு சீக்கிரம் காய்ந்துவிடும். ஓரத்தை நகத்தால் நெம்பினால் தாள் தானாகவே எழும்பி வரும், கையில் எடுத்து ஆட்டினால் சரசரக்கும். மாரியில், வாடைக் காற்றோடு, அதே தட்டு நாட்கணக்கில் ஈரம் காயாமல் கிடந்து பூஞ்சணம் பிடிக்கும். ஆகவே தொழிலாகச் செய்வதென்றால் உலர்த்தும் பெட்டி இல்லாமல் முடியாது.

அந்தத் தாள் 40, 50 மைக்ரோன் தடிப்புக்கு வரும். ஒப்பிட்டுப் பார்க்க ஒரு கணக்கு: நம்ம நாட்டில் 20 மைக்ரோனுக்குக் குறைந்த பொலித்தீனுக்கு 2007ஆம் ஆண்டே தடை வந்தது. காய்ந்திருக்கும் மட்டும் மீன் தாள் இழுவைக்கு நன்றாகத் தாங்கும். எண்ணெயை உள்ளே விடாது. காற்றில் இருக்கிற ஒட்சிசனைத் தடுப்பதில் சாதாரணப் பொலித்தீனையே மிஞ்சும். ஈர விரலை வைத்தால் மட்டும் அந்த இடத்திலேயே ஒட்டிக்கொள்ளும். இதன் பலமும் பலவீனமும் ஒரே இடத்தில் இருந்து வருது. தண்ணீரை விரும்புகிற மூலக்கூறு என்பதால்தான் எண்ணெயையும் ஒட்சிசனையும் ஒதுக்குது, அதே காரணத்தால் தண்ணீரிடம் தோற்குது.

இந்தத் தாளைப் பற்றி உலகத்தில் அதிகம் உழைத்த இடங்களில் ஒன்று தாய்லாந்தின் தெற்கில், ஹட்யாய் நகரத்தில் இருக்கிற பிரின்ஸ் ஒஃப் சொங்க்லா பல்கலைக்கழகம். அந்தப் பக்கக் கரையிலும் முஸ்லிம் ஊர்கள் உண்டு, மீன்பிடி உண்டு. பேராசிரியர் சூட்டவாட் பென்ஜாகுல் தலைமையில் ஒரு குழு பல வருஷமாக மீன்தோல், கணவாய்த்தோல், மீன் சதை எல்லாவற்றிலும் படலம் செய்து அளந்திருக்கு. 2011இல் வந்த அவர்களின் ஓர் ஆய்வில் கணவாய்த்தோல் ஜெலட்டின் படலத்துக்குள் கறுவா, கராம்பு, அன்னாசிப்பூச் சாறுகளைச் சேர்த்துப் பார்த்தார்கள். இதை வாசித்தபோது எனக்கு உறைத்தது, அந்தப் பட்டியலில் முதல் இரண்டும் இலங்கையில் விளைகிற சரக்கு, கணவாய் நம்ம கரையில் வந்து இறங்குகிற சரக்கு என்பதுதான். இவ்வளவும் இங்கே இருக்க, ஆய்வு அங்கே நடந்திருக்கு.

2019இல் இங்கிலாந்தின் சசெக்ஸ் பல்கலைக்கழக மாணவி லூசி ஹியூஸ், மீன்தோலையும் செதிளையும் செம்பாசிப் பொருளோடு சேர்த்து மரினாடெக்ஸ் என்ற தாளைச் செய்து ஜேம்ஸ் டைசன் சர்வதேசப் பரிசை வாங்கினார். ஒரு கொட் மீனின் கழிவில் 1,400 பைகள் வரைக்கும் செய்யலாம் என்றார். செதிளும் பாசியும் சேர்ந்த அந்தச் சேர்மானம் முக்கியமானது. புரதம் தனியாக நின்று தாங்காத இடத்தில் கடற்பாசி கைகொடுக்கும். அதே 2019இல் லண்டன் மரதன் ஓட்டத்தில், இப்போது நொட்ப்லா என்று அழைக்கப்படுகிற நிறுவனம் பாசியால் செய்த முப்பதாயிரத்துக்கு மேற்பட்ட குடிபானக் குமிழிகளை ஓட்டக்காரர்களுக்குக் கொடுத்தது. கடித்து உறிஞ்சி உறையையும் விழுங்கலாம். கொச்சியில் 1957இல் தொடங்கிய மத்திய மீன்வளத் தொழில்நுட்ப நிறுவனம் இறால் ஓட்டில் இருந்து கைட்டோசான் எடுக்கும் முறையை இந்தியத் தொழிற்சாலைகளுக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தது. மீன் ஜெலட்டினோடு கைட்டோசானைக் கலந்தால் தாள் கொஞ்சம் தண்ணீர் தாங்கும், பக்டீரியாவையும் தடுக்கும்.

சிலர் மீன் சதையிலேயே படலம் செய்கிறார்கள். சதையை அரைத்து, அலசி, அமிலத்திலோ காரத்திலோ கரைத்து ஊற்றுவார்கள். தாள் நல்லாத்தான் வரும். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. தின்கிற மீனைத் தாளாக்கக் கூடாது. மீன் விலை ஏறிக் கிடக்கிற காலத்தில் நெத்தலிக்கும் கணக்குப் பார்க்கிற வீடுகள் நம்மிடையே இருக்கு. தோல், செதிள், முள்ளு, இறால் ஓடு, இவற்றோடு நின்றால் போதும்.

இனிக் குப்பைப் பக்கம். அட்டாளைச்சேனைப் பிரதேசத்தில் பள்ளக்காடு என்ற இடத்தைத் தெரியாத ஆள் இந்த மாவட்டத்தில் இருக்க முடியாது. சுற்றியுள்ள ஊர்களின் குப்பை வந்து சேருகிற மேடு. காட்டு யானைகள் அந்த மேட்டில் நின்று பொலித்தீனோடு சேர்த்துச் சாப்பாட்டுக் கழிவைத் தின்கிற படங்கள் உலகம் முழுக்கப் போயின. 2022 ஜனவரியில் வந்த செய்தியின்படி, அதற்கு முந்திய எட்டு வருஷத்தில் இருபது யானைகள் வரை அங்கே பிளாஸ்டிக்கைத் தின்று செத்திருக்கு. உடலை வெட்டிப் பார்த்த மிருகவைத்தியருக்கு வயிற்றில் கிடைத்தது பொலித்தீன், உணவுச் சுற்றுத்தாள், செரிக்காத மற்றப் பொருட்கள். யானை பொலித்தீனுக்கு ஆசைப்படுவதில்லை. அதில் ஒட்டியிருக்கிற உப்புக்கும் எண்ணெய்க்கும் ஆணத்துக்கும்தான் அது வருது. நம்ம வீட்டு விருந்தின் மிச்சம் அது. அந்தச் செய்தியை வாசித்த நாளில் இருந்து சாப்பாட்டுச் சுற்றுத்தாள் என்ற விஷயத்தை என்னால் சும்மா கடந்துபோக முடியல்ல.

சட்டம் சும்மா இருக்கவில்லை. 2017 ஏப்ரலில் மீதொட்டமுல்லைக் குப்பைமேடு சரிந்து வீடுகளைப் புதைத்த பிறகு, அதே வருஷம் செப்டெம்பரில் லஞ்ச் சீட், ரெஜிபோம் பெட்டி, ஷொப்பிங் பேக் மீதெல்லாம் தடை அறிவித்தார்கள். 2023 ஒக்டோபரில் ஸ்ட்ரோ, பிளாஸ்டிக் கரண்டி, தட்டு, இடியப்பத் தட்டு வரைக்கும் தடை வந்தது. ஆனால் 2021 மார்ச்சில் வந்த சஷே பக்கெட் தடையைக் கவனிச்சுப் பாருங்க. 20 கிராமுக்கும் 20 மில்லிலீட்டருக்கும் உட்பட்ட பக்கெட்டுகளைத் தடை செய்தார்கள், உணவுக்கும் மருந்துக்கும் மட்டும் விலக்குக் கொடுத்தார்கள். ஷம்பு பக்கெட் தடைக்குள் வந்தது. தேங்காய்ப்பால் மா, நூடில்ஸ் மசாலா, கோப்பிப் பக்கெட் எல்லாம் அப்படியே இருக்கு. உணவைக் காற்றுப் படாமல், எண்ணெய் கசியாமல், மலிவாகக் கட்ட வேறு வழி கையில் இல்லாமல் எப்படித் தடை செய்வது?

மீன் ஜெலட்டின் தாளின் இடம் இங்கேதான் இருக்கு. காய்ந்த சரக்கு, சின்ன அளவு, கடைசியில் சுடுதண்ணீருக்குள் போகப்போகிற பொருள். மசாலாப் பொட்டலத்தைப் பிரிக்காமலே கொதிக்கிற சட்டிக்குள் போடலாம். சூட்டில் கரைவது சோத்துப் பார்சலுக்குக் குற்றம், மசாலாப் பொட்டலத்துக்கு அதுதான் தேவை. பொட்டலங்களை மொத்தமாக வைக்க, தூசும் ஈரமும் படாமல் ஒரு காகிதப் பெட்டி வேணும், அவ்வளவுதான்.

அடுத்தது தொதல். பெருநாள் நெருங்கினால் நம்ம ஊரில் தொதலும் மஸ்கட்டும் துண்டு துண்டாகப் பளபளக்கிற தாளில் சுற்றி வருது. எண்ணெய் கசிகிற பண்டம். சுற்றின தாள் அப்படியே குப்பைக்குப் போகுது, எண்ணெய் பட்ட தாளை எவரும் மீள்சுழற்சிக்கு எடுப்பதில்லை. ஜப்பானில் மாச்சத்துத் தாளில் சுற்றிய மிட்டாயைச் சுற்றுத்தாளோடு சேர்த்தே வாய்க்குள் போடுவது பழைய வழக்கம். தொதலுக்கு எண்ணெய் தாங்குகிற ஜெலட்டின் தாள் அதைவிடப் பொருத்தம். தொதலுக்குள் இருக்கிற ஈரத்தை இந்தத் தாள் எத்தனை நாள் தாங்கும், கறுவா எண்ணெய் ஒரு துளி சேர்த்தால் ருசி கெடுமா கூடுமா என்பதை ஒரு பல்கலைக்கழக மாணவர் ஒரு பருவத்துக்குள் அளந்து சொல்லிவிடலாம். கருவாட்டுக்கும் இதே நியாயம். எண்ணெய்ச் சத்துள்ள மீன் கருவாடு கொஞ்ச நாளில் மஞ்சளித்துக் காறுவதற்குக் காரணம் ஒட்சிசன். அதைத்தான் இந்தத் தாள் தடுக்குது.

சுடுசோற்றுக்கு என்ன செய்வது என்று கேட்டால், வாழையிலை. வேறு பதில் தேடி அலைய வேண்டியதில்லை. அனலில் வாட்டிய இலைக்கு மேலே எந்த ஆய்வுகூடமும் நல்ல பார்சல் தாள் செய்துவிடல்ல. வலீமாவில் ஆறு பேர் ஒரு சஹனைச் சுற்றி உட்கார்ந்து சாப்பிட்டால் தாளே தேவையில்லை. நோன்புக் கஞ்சிக்குப் பள்ளிக்குப் பாத்திரம் கொண்டு போற பழக்கத்தை விட்டுவிட்டு, கொதிக்கிற கஞ்சியைப் பொலித்தீன் பையில் கட்டி வருகிறோம். அதற்கு மீன்தோல் மருந்தில்லை. வீட்டில் இருக்கிற தூக்குச்சட்டியை எடுத்துப் போனால் முடிகிற காரியம் அது.

இப்போது முதல் சரக்கு என்று நான் சொன்னதுக்கு வருகிறேன். உலகத்தில் செய்யப்படுகிற ஜெலட்டினில், 2007ஆம் ஆண்டுக் கணக்குப்படி, 46 சதவீதம் பன்றித்தோலில் இருந்து வந்தது. மாட்டுத்தோலும் எலும்பும் மிச்சத்தை எடுத்துக்கொண்டன. மீனும் மற்றவையும் சேர்ந்து 1.5 சதவீதம்தான். நம்ம வீட்டுப் பெண்கள் கடையில் நின்று பக்கெட்டைத் திருப்பி ஈ 441 என்ற எண்ணைத் தேடுவது எதற்கு? யோகட்டில், ஜெலியில், மார்ஷ்மெலோவில், மருந்துக் கெப்சூலில் இருக்கிற ஜெலட்டின் எதில் இருந்து வந்தது என்ற சந்தேகம்தான். மாடாக இருந்தாலும் முறைப்படி அறுத்ததா என்ற கேள்வி மிஞ்சும். கடல் மீனுக்கு அந்தக் கேள்வியே இல்லை. அதற்கு அறுப்பு இல்லை. உலகம் முழுவதும் இருக்கிற முஸ்லிம்கள் தேடுகிற ஒரு பொருள் சாய்ந்தமருதில் கிடங்கு வெட்டிப் புதைக்கப்படுது.

அதனால்தான் தாளோடு தொடங்கக்கூடாது என்கிறேன். தாளுக்குச் சந்தையை இனித்தான் உருவாக்கணும், விலையிலும் பொலித்தீனோடு போட்டி போட முடியாது. ஜெலட்டினுக்குச் சந்தை ஏற்கெனவே இருக்கு. இனிப்புக்காரர், யோகட் செய்கிறவர், கெப்சூல் நிறுவனம் எல்லோருக்கும் வேணும். முதலில் சுத்தமான, நாற்றமில்லாத, தரம் மாறாத மீன் ஜெலட்டின். அது நின்று நிலைத்த பிறகு அதே சரக்கில் ஒரு பங்கைத் தாளாக ஊற்றலாம். வெட்டின தாளின் ஓரத் துண்டுகளைத் திரும்பச் சுடுதண்ணீரில் கரைத்துத் தட்டில் ஊற்றிக்கொள்ளலாம், கழிவே இல்லை.

பக்கத்து வீட்டையும் நினைக்கணும். கல்முனை ஒரு சமூகத்தின் ஊர் இல்லை. பாண்டிருப்பிலும் காரைதீவிலும் விரத நாட்களில் மச்சம் தொடாத வீடுகள் எத்தனையோ. தொதலை அவர்களுக்கும்தான் பெருநாளன்று கொடுத்தனுப்புகிறோம். மீன்தோல் தாளில் சுற்றினதை அவர்களிடம் சொல்லாமல் கொடுப்பது பெரும் பிழை. பொட்டலத்தின் மேல் பெரிய எழுத்தில், தமிழிலும் சிங்களத்திலும், மீனில் செய்தது என்று எழுத வேணும். மீன் ஒவ்வாமை உள்ளவர்களுக்கும் அந்த எழுத்து உயிர் காக்கும். மச்சம் தொடாதவர்களுக்குக் கஞ்சிப்பாசித் தாள் செய்யலாம். ஒரு காலத்தில் ஆங்கிலேயர் அந்தப் பாசியை இலங்கைப் பாசி என்று நாட்டின் பெயராலேயே அழைத்தார்கள். நாடு அந்த அளவுக்கு அதற்குப் பெயர்பெற்றிருந்தது.

இதைச் செய்ய இங்கே ஆள் இல்லையா? ஒலுவிலில் தென்கிழக்குப் பல்கலைக்கழகம் இருக்கு. அங்கே தொழில்நுட்ப பீடம் இருக்கு, சம்மாந்துறையில் அதன் பிரயோக விஞ்ஞான பீடம் இருக்கு. கொழும்பில் நீர்வள ஆராய்ச்சிக்கான நாரா நிறுவனம் இருக்கு. பிள்ளைகள் இறுதி வருஷ ஆய்வுக்குத் தலைப்புத் தேடி அலைகிறார்கள். தலைப்பு மீன் சந்தையில் வாளிக்குள் கிடக்கு. எந்த மீனின் தோலில் எவ்வளவு வரும், கச்சானில் எப்படி, மாரியில் எப்படி, ஐஸில் எத்தனை மணித்தியாலம் தாங்கும் என்ற அளவுகள் நம்ம கடலுக்கென்று தனியாக வேணும். தாய்லாந்துக் கணக்கை அப்படியே எடுத்துப் போட முடியாது.

கருவாடு போடுகிற பெண்களைக் கூட்டாமல் இது ஒருநாளும் நடக்காது. உப்பு எவ்வளவு, வெயில் எவ்வளவு, எந்த மீன் எப்போது கெடும் என்பது அவர்கள் கைக்குத் தெரிந்த மாதிரிப் புத்தகத்துக்குத் தெரியாது. தோல் சுரண்டுவதும் அலசுவதும் உலர்த்துவதும் அவர்கள் ஏற்கெனவே செய்கிற வேலைக்குப் பக்கத்து வேலைதான். ஆனால் இலவசமாகக் கிடைக்கிற தோல் என்று கணக்கை எழுதித் தொடங்கினால் ஆறு மாதத்தில் படுத்துவிடும். தோலுக்குப் பெறுமதி இருக்கு என்று தெரிந்த அன்றைக்கே அதற்கு விலை வரும், வரவும் வேணும். வெட்டுகிற கையும் உரிக்கிற கையும் சம்பாதிக்காத தொழில் இந்தக் கரைக்குத் தேவையில்லை.

அடுத்த முறை தோல் எடுக்கப் போனபோது அந்தக் காக்காவிடம் இதைப் பற்றிப் பேசினேன். தோலைத் தனி வாளியில் போட அவருக்குச் சம்மதம்தான். இரண்டு நிபந்தனை வைத்தார். வாளியும் ஐஸும் வாங்குகிறவர் செலவு. பகல் பத்து மணிக்குள் வந்து எடுக்கணும், வெயில் ஏறினால் அவர் பொறுப்பில்லை. விலை பேச வரும்போது பக்கத்துப் பலகைகளில் வெட்டுகிறவர்களையும் கூப்பிட்டுத்தான் பேசுவாராம்.